இரண்டு அங்குலக் குழாய்

கம்பளையில் நஸ்லிமின் கடை மேசையில்
இரண்டு குழாய்கள் படுத்திருந்தன.
ஒன்றைத் தூக்கினேன்.
தூக்கியதை என் கை நம்பவில்லை.
மற்றதைத் தூக்கினேன்.
மணிக்கட்டு உடனே பதில் சொன்னது.

"ரெண்டும் காத்துப் போற வழிதானே," என்றார்,
"அலுமினியம் முப்பத்தெட்டாயிரம்,
உருக்கு பதினாலு."
பிறகு தொலைபேசியை எடுத்து
வேறு யாருக்கோ கதவுக் கண்ணாடி விற்கத் தொடங்கினார்.

என் ஸ்டார்லெட்டுக்கு என்னைவிட நான்கு வயது குறைவு.
டர்போ விடுவது சுடுமூச்சு.
பம்பருக்குப் பின்னே இன்டர்கூலரில் போய் ஆறித்
திரும்பி எஞ்சினுக்குள் நுழைய வேண்டும் அது.
அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கைவிடும்,
சீக்கிரம் வாங்கியும் கொள்ளும்.
எக்ஸோஸ்ட் பக்கம் உட்காரவைத்தால்
வம்பு கேட்க வந்தவள் மாதிரி
ஒன்று விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
உருக்கு மந்தம்.
வாங்கவும் மந்தம், கொடுக்கவும் மந்தம்,
எங்கள் மழைக்கு மட்டும் சுறுசுறுப்பாகத் துருப்பிடிக்கும்.

இதெல்லாம் தெரிந்தும்
பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றேன்.
வங்கியில் லீசிங் பிரிவு எனக்கு.
ஊரார் வாகனங்களுக்கெல்லாம் கையெழுத்து வாங்குகிறவள்
சொந்தக் காருக்குக் கடன் கேட்கக் கூசினேன்.

அட்டனில் கிளமன்ட்,
பள்ளியில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன்,
இப்போது கொழுந்து லொறிகளின் எலும்பை ஒட்டுகிறான்.
"அலுமினியத்த நான் தொட மாட்டேன்" என்றான்.
"ஏன்?"
"அது செவக்காது.
அப்பிடியே வெள்ளையா இருக்கும், இருக்கும்,
திடீர்னு காலடியில ஒழுகிப் போயிரும்.
உருக்கு சொல்லிட்டுத்தான் உருகும்."

அலுமினியம் ஒட்ட ஆர்கன் வாயு வேண்டும்.
அது கண்டியில்.
கண்டிக்காரர் அடுத்த மாதம் என்றார்.
மலையேற்றப் பந்தயத்துக்குப் பதினொரு நாள்.

உருக்கே வாங்கினேன்.
ஞாயிறு முழுக்கப் பொறி பறந்தது.
குழாய் முனையில் ஒரு வரம்பு எழுப்பட்டுமா,
ஹோஸ் வழுக்காமல் பிடிக்கும் என்று கேட்டான்.
நேரமில்லை என்றேன்.
இதைச் சொன்னது நான்தான்,
எழுதி வைக்கிறேன்.

நானுஓயாவுக்கு ஏறும் மூன்றாம் வளைவு.
இரண்டாம் கியர், கால் முழுவதும் கீழே,
ஊசி எழுகிறது,
இருக்கை முதுகைத் தள்ளுகிறது,
பொக்.

அவ்வளவுதான் சத்தம்,
பால் புட்டியின் மூடி கழன்றது போல.
பின்னால் கரும்புகை.
கார் ஒரு பெருமூச்சு விட்டு
தொண்ணூறுகளின் ஏதோ ஓர் அரசாங்க வேலைக்காரராக மாறியது.
ஒரு முச்சக்கர வண்டி என்னை முந்தியது.
உள்ளே ஐந்து பேர், ஒரு எரிவாயு சிலிண்டர்.
சிலிண்டரைக் கட்டிப்பிடித்திருந்த பையன்
எனக்குக் கை காட்டினான்.

ஓரம் கட்டி பொனட்டைத் திறந்தேன்.
மூடுபனி என்னைக் கேட்காமல்
எஞ்சினை எட்டிப் பார்த்தது.
போகிற குழாயைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன்.
வருகிற குழாயை அஞ்சி அஞ்சித் தொட்டேன்:
குளிர்ந்திருந்தது, என் மூக்கைப் போல.

ஒரே கேள்வி என்று
இத்தனை நாளும் தூக்கம் கெட்டது இரண்டு கேள்விகளுக்கு.
நெருப்புக்குப் பக்கத்தில் போகிறதுக்கு
மந்தமானவன் போதும், சொல்லிவிட்டு உருகுகிறவன்.
துரு உதிர்ந்தால் எஞ்சின் குடித்துவிடும்,
ஆகவே வருகிறதுக்குத் துருவே அறியாதவள் வேண்டும்.
ஆறிய காற்றுக்கு எடை எதற்கு.
அது இரண்டடி நேர்த்துண்டு, ஒட்டவே தேவையில்லை,
இரு முனையிலும் ரப்பர் முழங்கை போதும்.
வரம்பை மட்டும் இம்முறை மறக்கக் கூடாது.

கழன்ற ஹோஸை மீண்டும் செருகி
இரண்டு ரூபாய்க் குற்றியால் கிளிப்பை முறுக்கினேன்.
பிறகு நஸ்லிமுக்கு அழைத்தேன்.
"அலுமினியத்துல ஒரு நேர்த்துண்டு, ரெண்டடி."
"வளைவு வேணாமா?"
"வளைவு இங்க நெறைய இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.
விலை சொன்னார்.