பழைய பாக்கி

விருசுழி ஆற்றங்கரையில் ஏழு புகைபோக்கிகள் என்கிறது வரைபடம்.
இரண்டு நிற்கின்றன.
மூன்றாவதில் பாதி
ஓர் அரசமரத்துக்குள் இருக்கிறது.

மும்முனை இணைப்பு கேட்ட மனுவோடு நான் போனபோது
உமையாள் வாசலில் இருந்தாள்,
முப்பத்தாறு வயது, கனத்த பூட்ஸ், கையில் சர்வே நகல்.
"இதே எண்ணில் பாக்கி நிற்கிறது அம்மா.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பது காசு.
எண்பத்து மூன்று, மார்ச்.
கட்டினால்தான் புதுசு."
சிரித்தாள்.
நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

பேரேட்டை முந்தின இரவே புரட்டியிருந்தேன்.
ஐம்பத்தெட்டில் மாதம் நாலாயிரம் யூனிட்:
அரவை விடியும்வரை ஓடியிருக்கும்.
அறுபத்து நாலில் ஆயிரத்துக்கும் கீழே,
ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்கள்
வந்து இறங்கிய வருஷம்.
எழுபத்து நாலிலிருந்து
மாதா மாதம் நான்கு யூனிட்.
நான்கு என்றால் ஒரு பல்பு,
சாயங்காலம் மூன்று மணி நேரம்.
பூட்டிய மில்லுக்குள் ஒன்பது வருஷம்
யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்.
எதைப் பார்க்க?
பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தக் காலத்தைப் புகழ எனக்கு வாய் வராது.
நெல் ஊறிப் புளித்த தண்ணீரை ஆற்றில் விட்டார்கள்,
மீன் மிதந்தது என்று தாசில்தாருக்குப் போன புகாரும்
அதே அலமாரியில்தான் இருக்கிறது.

ஆறு என்று எழுதுகிறேன், படிவம் அப்படிக் கேட்பதால்.
கரைக்குக் கரை சீமைக்கருவேலம்.
அதை வெட்டி, தூளாக்கி, அழுத்தி,
உருளை உருளையாகத் திருப்பூருக்கு அனுப்பப் போகிறார்கள்,
சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்கு.
அங்கேயும் ஓர் ஆறு உண்டு.
நான் கேட்கவில்லை.

டீசல் ஜெனரேட்டரில் வெள்ளோட்டம்.
இயந்திரத்தின் வாயில் கிளையைச் செருகிக்கொண்டிருந்தாள் அடைக்கலமேரி,
பன்னிரண்டு வருஷம் கரிமூட்டம் போட்டவள்,
முழங்கையில் அதன் வடு.
"மரம் தீர்ந்துட்டா?" என்று கத்தினேன்.
அவளும் கத்தினாள்:
"வேரை விட்டு வெட்டுனா மூணு வருஷத்துல மரம் வந்துரும் சார்.
வேரோட புடுங்குனா ஆறு வந்துரும்."
உமையாளைப் பார்த்தேன்.
"இன்னும் முடிவு பண்ணலை" என்றாள்,
பேங்க் கடனின் தவணைத் தேதியைச் சொல்வதுபோல.

பணம் கட்டினாள்.
முப்பது காசுக்கு இப்போது நாணயம் இல்லை;
நானூற்றுப் பதின்மூன்று என்று ரசீது போட்டேன்.
சுமை விவரத்தில் தொண்ணூறு குதிரைத்திறன்.
விளக்குகள் என்ற இடத்தில்
எத்தனை என்று இருவருக்கும் தெரியவில்லை.

குறுக்கு வழி என்று ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன்.
ஓர் அடிக்கட்டை, அதில் விரல் நீளத்துக்குத் தளிர்.
நாலு எட்டுத் தள்ளி ஒரு குழி,
வேர் போன இடம்,
அடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது.
இரண்டுக்கும் பக்கத்தில்
ஒரே டிராக்டரின் தடம்.