கழிவு ஓலை, ஒரு லோடு

அல் ஐன் தோப்பில் மட்டை கழிக்கும் மாதம்.
கழித்ததை அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவது என் வேலை.
வெள்ளிக்கிழமை காலை லாரியை மறித்து நின்றாள்
நியூசிலாந்துக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர்.
பெயர் ஙாஹுயா.
அரிச்சுவடியில் இத்தனை காலம்
வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எழுத்துக்கு
ஒருவழியாக ஓர் ஆள்.

பச்சை ஓலை வேண்டும் என்றாள்.
ஏறிப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
அவள் மவோரி சனம். அவர்கள் மண்ணில் வேறு செடியாம்,
வாள் மாதிரி இலை,
அதில் பாய், கூடை, தோளில் போர்த்தும் ஆடைகூட.
மட்டையடி முள் இரண்டு முறை குத்தியது.
விரலைச் சப்பிக்கொண்டே பொறுக்கினாள்.
கட்டைவிரல் நகத்தால் கீறி
நடு ஈர்க்கை ஒரே இழுப்பில் உருவி வீசினாள்.
சரி, பழகிய கை.

நிழலில் ஷம்சா.
மடியில் பிறந்த விரற்கடை அகலப் பின்னல்
செருப்பைத் தாண்டிப் போயிருந்தது.
பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி
வெள்ளை ஓலை.
நடுக்குருத்து.

ஙாஹுயா முகம் மாறியது.
"கேளுங்கள் அவளிடம். நடுவில் இருப்பது பிள்ளை.
இருபுறமும் தாயும் தகப்பனும்.
நாங்கள் ஓரத்துக் கிழ இலையை மட்டும் அறுப்போம்.
பிள்ளையில் எப்படிக் கத்தி வைத்தாள்?"

என் அரபி டீசலுக்குப் போதும்,
சம்பளப் பாக்கிக்குப் போதும்.
"அழகாக இருக்கிறதாம்" என்றேன்.

ஷம்சா என்ன முட்டாளா?
அந்த முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:
"போன மாதக் காற்றில் சாய்ந்த மரம், அதன் கல்பு இது.
நிற்கிற மரமென்றால் ஒன்று எடுத்து மற்றதை விடுவேன்.
முற்றிய ஓலையில் தட்டு பின்னினால்
சாப்பிடுகிற குழந்தையின் கையைக் கிழிக்கும்.
சொல் அவளிடம்."

கல்பு என்றால் இதயம்.
ஒருத்திக்குப் பிள்ளை, ஒருத்திக்கு இதயம்,
இடையில் குருத்து என்ற ஒற்றைச் சொல்லோடு
நான்.
என் கையும் சுத்தமில்லை.
குருத்தோலை ஞாயிறு வந்தால்
வடலிப் பனையில் பிடுங்கிச் சிலுவை மடித்தவன்,
தெருவெல்லாம் ஓசன்னா கத்தினேன்,
பனையை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"உங்கள் கூடையும் அழகாம்" என்றேன்.
கூடை இன்னும் பிறக்கவே இல்லை.
இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப்பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஷம்சா ஒரு வெள்ளைக் கீற்றை நீட்டினாள்.
இவள் வாங்கவில்லை,
தள்ளவும் இல்லை, அது பாயில் கிடந்தது.
பச்சையில் முடைந்தாள். மடக்கும் இடமெல்லாம் முறிந்தது.
ஷம்சா தண்ணீர்ச் சட்டியைக் காலால் நகர்த்தினாள்.
ஊறியபின் முறியவில்லை.
சூப்பர்வைசர் மூன்றாம் முறை போன் அடித்தான்.

முதலில் முடைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாதாம்,
கொடுத்துவிட வேண்டுமாம்.
யாருக்கு என்று அவள் நிமிர்ந்தாள்.
ஷம்சா மோவாயால் என்னைக் காட்டினாள்.
வாய் கோணிய கூடை,
பொய்க்குக் கூலி போல.

குப்பைமேட்டு எடைமேடையில் ரசீது:
ஓட்டுநர் சவரிராயன்.
கழிவு ஓலை, ஒரு லோடு.
கொட்டிவிட்டுக் காலி வண்டியாய் மறுபடி ஏறினேன்.
டாஷ்போர்டில் கூடை, உள்ளே என் அறைச் சாவி.
அறுபது கிராம் இருக்கும்.
அந்த மேடைக்கு அவ்வளவு சின்னக் கணக்கு
தெரியாது.