பித்தளை வளரும்

சுட்ட பிறகு பித்தளை வளரும்.
நகம் மாதிரி இல்லை, நகம் தானாக வளர்வது.
இது அடிபட்டு வளர்கிறது.
ஒரு நொடி வெந்து, விரிந்து,
அச்சுக்குள் மறுபடி நெருக்கப்பட்டு
போக வேறு இடமில்லாமல்
கழுத்து வழியே நீள்கிறது
ஒரு முடி அகலம்.

அந்த முடி அகலத்தை வெட்ட
மூன்று வாரமாகக் கருவி பார்க்கிறேன்.
"எனக்குப் பொண்ணு பாக்க எனக்க வீட்டுல
ஒரு நாளுதான் ஆச்சு" என்கிறான் ஜெறின்.

திருவனந்தபுரத்தில் ஒருவர்
மோட்டார் வைத்ததை விற்கிறார்.
பொத்தானைத் தொட்டால் தேனீக்கூடு.
மணிக்கு முந்நூறு என்றார்.
என்னிடம் இருப்பதே ஐம்பது கூடு,
உரிமப் புத்தகமும் ரசீதும் சேர்த்து
பீரோவில் பூட்டி வைத்த ஐம்பது.
பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால்
மீதி ஐம்பது நிமிடத்துக்கு
அந்த யந்திரத்துக்கு என்ன தின்னக் கொடுப்பேன்?
போதாததற்கு குலசேகரத்து மழை.
ரப்பர் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால்
கரண்டுக்கு மூன்று நாள் லீவு.

டிரில்லில் மாட்டுவதும் உண்டு.
விலை குறைவு. ஜெறினின் டிரில்
சும்மா கிடக்கிறது என்பது கூடுதல் தகுதி.
ஆனால் அது கூட்டின் தோளைத் தொட்டு
நீளத்தை அறிகிறது.
தோள் தவறினால் கழுத்தும் பொய் சொல்லும்.
வேறு அளவுத் துப்பாக்கி என்றால்
வேறு வாங்க வேண்டும்.
"வேறு துப்பாக்கியா?"
அடுக்களையில் கரண்டி விழுந்தது.

கடைசியில் கையால் சுற்றுவது.
பழையது, பச்சை வண்ணம் உதிர்ந்த கனத்த இரும்பு.
அடியைக் கவ்வ ஒரு வாய்,
கழுத்துக்குள் நுழைந்து நடு பிசகாமல் காக்க
ஒரு சின்ன விரல்,
நாலு பல்.
மார்த்தாண்டத்துக்கு எடுத்துப் போனேன்.
லேத் வின்ஸ்லால் தண்டைப் பிடித்து ஆட்டினான்,
காதருகே வைத்துச் சுற்றினான்.
"ஆட்டம் இல்ல, கேட்டியளா.
மிச்சமெல்லாம் நான் செய்து தருவேன்.
இந்தப் பல்லு மட்டும் நமக்கு வராது."
தன்னால் வராததைச் சொன்னவனை நம்பி
காசு கொடுத்தேன்.

அது மட்டும் காரணமில்லை.
தினமும் காலையில் ஷீட் ரோலர் சுற்றுகிறவள் நான்.
உறைந்த பால் எங்கே தடித்திருக்கிறதென்று
கண்ணுக்கு முன் தோளுக்குத் தெரிந்துவிடும்.

மேசையில் திருகினேன். கரண்ட் இல்லை.
எமர்ஜென்சி விளக்கின் வெள்ளையில்
முதல் கூடு.
பல் கடித்தது, நறநறத்தது, பிறகு
கை சட்டென்று லேசானது.
வெர்னியரில் ஐம்பத்தொன்று, துல்லியம்.
வாயின் பிசிறை உள்ளேயும் வெளியேயும் தேய்த்தேன்.
தங்கப்பொடி மாதிரி சீவல்.
கோழி கொத்திவிடும் என்று
நனைந்த துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

முப்பத்தேழாவது கடிக்கவில்லை.
சுற்றினேன், வெறும் காற்று.
கழற்றி மறுபடி மாட்டினேன். காற்றுதான்.
அளந்தால்,
கடையிலிருந்து வந்த அன்றைய நீளம்.

கொஞ்ச நேரம் பிடித்தது.

வடக்கே, போன போட்டியில்,
முந்நூறு மீட்டருக்கு அப்பால்
கொடி இடமும் வலமும் புரண்டது.
அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
அடங்கியது. விரல் இறுகியது.
விசில்.
நேரம் முடிந்தது என்று யாரோ இந்தியில் கத்தினார்கள்.
சுடாத ஒன்றோடு ரயிலேறினேன்.
வீட்டில் குண்டைப் பிரித்து, மருந்தைக் கொட்டி,
கூட்டை மட்டும் கழுவி
மற்றவற்றோடு போட்டது நானேதான்.
ஒரே நிறம், ஒரே அடி முத்திரை.
தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"எல்லாம் வெட்டியாச்சா?"
ஜெறின் கதவில் நின்றான், டார்ச்சோடு.

"நாப்பத்தொம்பது" என்றேன்.