மே மாதக் கடைசி ஞாயிறு

மே மாதக் கடைசி ஞாயிறு நள்ளிரவில்
வண்டிகளுக்குப் பெயர் மாறும்.
முந்தின வாரமே வந்துவிடும்
ஹனோவரிலிருந்து திருத்தத் தாள்கள்.
கெர்லிண்டே கத்தரிக்கோலையும் பசையையும்
சிக்னல் கேபின் மேசையில் எடுத்து வைப்பாள்.

'விரைவுச் சரக்கு' ஒரு வருடம்
'துரிதச் சரக்கு' ஆனது.
ஓட்டம் என்னவோ அதே ஓட்டம்.
ஊர் ஊராய் நின்று
பால் கேனும் தையல் மெஷினும் இறக்கிப் போன வண்டி
'அண்மைச் சரக்கு' என்றிருந்து, 'ஒப்படைப்பு' ஆகி,
கடைசியில் வெறும் ஐந்து இலக்கம்.
பெயர் என்றாலே பெயர்வதுதான் போலும்.

டிரைவர் ஃபோல்கெர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.
அவனுக்கு எல்லாமே 'என் வண்டி'.

அந்த வருடம்
'கால்நடை விரைவு' என்ற வரியின் மேல்
வெற்றுத் தாளை ஒட்டச் சொன்னார்கள்.
ஒட்டினாள்.

ஜூன் ஒன்பது.
எம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளிகளிலிருந்து
பன்னிரண்டு பெட்டி மாடுகள்.
போன மாதம் வரை எல்லா வண்டியும் ஒதுங்கி வழிவிட்ட மாடுகள்.
இப்போது 'பொதுச் சரக்கு, நான்காம் நிலை':
மணலுக்குப் பின்னால்,
சிமெண்டுக்குப் பின்னால்,
காலிப் பெட்டிகளுக்கும் பின்னால்.

மூன்றாம் தடத்தில் நிறுத்தினாள்.
கட்டைகளில் கீல் இளகி மணத்தது.
மாடுகள் கத்தின, ஒன்று தொடங்க
மற்றவை தொடர.
திருத்தத் தாள் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை.

ஃபோல்கெர்ட் கீழே நின்று கேட்டான்:
"இன்னும் எத்தனை விட வேண்டும்?"
"மூன்று."
அவன் ஒன்றும் சொல்லாமல் குழாயடிக்குப் போனான்.
பன்னிரண்டு பெட்டிக்கு
ஒரே ஒரு வாளி.

மணல் போனது.
சிமெண்ட் வந்து நின்று
ஹாரன் அடித்தது.
அவள் அதன் சிக்னலைத் தொடவில்லை;
பக்கத்து நெம்புகோலை
இரண்டு கையாலும் இழுத்தாள்.
சிமெண்டுக்குத் தாகம் எடுக்காது.

பதிவேட்டில் எழுதினாள்:
கால்நடை விரைவு, 2.52.
கொட்டை எழுத்தில்.

பதினோரு நாள் கழித்துக் கடிதம்:
'தாங்கள் குறிப்பிடும் வகையில்
வண்டி ஏதும் இயங்குவதில்லை.
விளக்கம் தருக.'

விளக்கம் தரலாம்தான்.
ஆனால் அன்று அவள்
கட்டணச் சீட்டுகளைப் புரட்டி, போய்ச் சேருமிடம் என்ற கட்டத்தில்
விரலை வைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கசாப்புக்கூடம், பக்கத் தடம் இரண்டு.

அந்தப் பெயரை மட்டும்
எந்த மே மாதமும் மாற்றியதில்லை.