ஐந்து கட்டம்

ஞாயிற்றுப் பேப்பர் புதன்கிழமைதான் என் கைக்கு வரும்.
எடைப்பாலத்துக் கண்ணாடி அறையில்
இரண்டு லோரிக்கு நடுவே குறுக்கெழுத்து போடுவேன்.
இடமிருந்து வலம் ஒன்பது:
மனத்தை இழுப்பது. ஐந்து கட்டம்.

மயக்கம் என்று எழுதினேன்.
எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐந்து.
அப்போதுதான் தவனேசன்
செம்பனைக் குலையோடு பாலத்தில் ஏறினான்.

சிலிம் ரிவரில் லோரிக்காரர்களுக்கா பஞ்சம்?
சன்னலில் முழங்கை ஊன்றி
"குணா, சாப்பிட்டியா?" என்று கேட்பவன் ஒருவன்தான்.
சோப்பு வாசம், டீசல் வாசம்.
எது எது என்று எனக்குப் பிரிக்க வராது.
சீட்டுக்கு அடியில் இன்றைக்கு ஒரு கவர்.
"முந்நூறு கிலோ கூட்டிப் போடேன்.
குலையைக் கொட்டிட்டு வந்துர்றேன்."

கவர்.
மேசையில் கிடந்தது, வெள்ளையாக, வாய் ஒட்டாமல்.
எனக்குத் தெரிந்த கவர் இன்னும் உண்டு.
ரம்புத்தான் மரம் இரண்டாகப் பிரியும் இடம் கவர்.
கம்பிவேலிக்கு அப்பால் ரோடு
தோட்டத்துக்கு ஒன்று, டவுனுக்கு ஒன்று என்று
பிளக்கிறதே, அதுவும் கவர்.
ஐந்தாம் படிவத்தில் படித்தேன், ஆநிரை கவர்தல்:
இரவோடு இரவாக அடுத்தவன் மாட்டை ஓட்டிப்போவது.
திருட்டு என்று டீச்சர் சொல்லவில்லை.
வீரம் என்றார்.

மேலிருந்து கீழ் நாலு, மண்ணுக்குள் இருப்பது: வேர்.
அதன் ர்
என் மூன்றாம் கட்டத்தில் வந்து நின்றது.
மயக்கம் அங்கே உட்காராது.

அழித்தேன்.
கவர்ச்சி.
மாட்டை ஓட்டிப்போன அதே சொல்,
பவுடர் பூசிக்கொண்டு வந்திருக்கிறது.
மயக்கம் என்றால் தடுமாறுவது நான்.
கவர்ச்சி என்றால் கை அவனுடையது.
நல்ல வசதி.
ஆனால் அந்த மாடு
கயிறு இழுக்காமலே பின்னால் நடந்திருந்தால்?

வெறும் லோரி பாலத்தில் ஏறியது.
கவரைத் திறக்கவில்லை. அதன் முதுகில் எழுதினேன்:
7,260.
பாலம் சொன்ன எடை. சீட்டிலும் அதுவே.
ஈரக் கையால் வாங்கினான். எண்ணைப் பார்த்தான்.
சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.
ரோடு பிரியும் இடத்தில் டவுன் பக்கம் திரும்பினான்.

மறுவாரம் அதே லோரி, வேறு டிரைவர்.
நான் சாப்பிட்டேனா என்று அவனுக்கு என்ன கவலை.
பேப்பரில் விடை வந்திருந்தது: கவர்ச்சி. சரிதான்.
பழைய தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.
நான் அழித்த மயக்கம்
ஐந்து கட்டத்திலும்
பள்ளமாகக் கிடக்கிறது.