நேஷனல் பர்மிட்

வண்டிக்கு நேஷனல் பர்மிட் இருந்தது.
இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று,
அர்த்தநாரியின் ஹெவி லைசென்ஸ்,
எல்லாம் இந்தியா முழுக்கச் செல்லும்.
செல்லாதது
மயில் படத் தாளில் சுற்றிய
பத்து உருண்டைகள்.

கருப்பூர் டோலில் நிறுத்தினார்கள்.
தொப்பூர் இறக்கத்தை இரண்டாம் கியரில் இறங்கி
அப்போதுதான் பிரேக்கின் சூடு ஆறியிருந்தது.
பின்சீட்டில் கைலியைச் சரிசெய்தபடி எழுந்தேன்.
'இது என்னடா?'
'மிட்டாய்ங்க. கவர்மெண்டு கடையில வாங்கினது.'
சிரித்தார்கள்.
நானும் சிரித்துவிட்டேன்.
அதை அவன் இன்னும் மறக்கவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை.
சேலத்து ஜவ்வரிசியை ஜோத்பூரில் இறக்கிவிட்டு
திரும்ப ஏற்றக் கல்லுக்காக மூன்று நாள் கிடந்தோம்.
கடைக்கு மேல் அரசுப் பலகை,
கம்பி வலைக்குப் பின்னால் தராசு, கல்லா,
நம்மூர் ரேஷன் கடையின் அதே சலிப்பு.
இடுப்பு வலிக்கென்று ஒன்று தின்றான்,
மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான்.
மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டான்,
தேர்க்கடையில் பொரிகடலை வாங்குகிறவன் போல.

பில் இந்தியில் இருந்தது.
ஸ்டேஷனில் யாருக்கும் படிக்க வரவில்லை.
செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடை கேசரிமல்
என்னைவிடச் சுத்தமான சேலத்துத் தமிழில் படித்தார்:
'பாங்கு. பன்னெண்டு உருண்டை. அறுவது ரூவா.
லைசென்ஸ் நம்பர் போட்டிருக்குதுங்க.'
பிறகு கண்ணாடியைக் கழற்றி,
'ஆனா இந்தச் சீட்டு இங்க செல்லாதுங்களே' என்றார்,
கவரிங் நகையைத் திருப்பித் தருகிற குரலில்.

பன்னிரண்டு வாங்கியது, ஒன்று தின்றது,
பத்து பிடிபட்டது.
'இன்னொன்ன எவனுக்குடா வித்த?'
தின்றால் ஒரு பிரிவாம்,
விற்றால் வேறு பிரிவாம்.

வக்கீல் மேகலை சொன்னார்:
'பூவா இலையாங்கிறதுதான் கேஸே.
பூன்னா கஞ்சா, டெல்லிச் சட்டம்.
வெறும் இலைன்னா அந்தந்த மாநிலத்தோட இஷ்டம்.
நம்ம மாநிலத்துக்கு இஷ்டமில்ல.'
லேபில் சர்க்கரையையும் ஏலக்காயையும் விலக்கி
ஒரு பூவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
கோர்ட் வராந்தாவில் அவன் சம்சாரம் கோகிலவாணி
மெதுவாகக் கேட்டாள்:
'அப்போ பூவா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கணுங்களா?'

வண்டிக்குத்தான் முதலில் விடுதலை.
தவணை நிற்காதே என்றார் சங்ககிரி முதலாளியம்மா.
நான் ஓட்டினேன்.
மறுபடி ஜவ்வரிசி, மறுபடி ஜோத்பூர்.

அங்கே கேபினைக் கழுவும்போது
வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னால்,
மேச்சேரி பத்ரகாளி படத்துக்கும்
டோல் ரசீதுக் கற்றைக்கும் நடுவே
மயில் தாள்.
பன்னிரண்டாவது.

நான்கு எல்லை தாண்டி அதோடு வந்திருக்கிறேன்.
ஓசூரில் ஒரு போலீஸ்காரர்
டீக்குக் காசு வாங்கிக்கொண்டு கும்பிடுகூடப் போட்டார்.
கை நடுங்கியது.
அப்புறம்தான் உறைத்தது,
நின்றுகொண்டிருப்பது ஜோத்பூரில்.
இங்கே அது மறுபடியும் மிட்டாய்.
எந்த எல்லைக்கல்லில் குற்றத்தை இறக்கி வைத்தது?
தூங்காமல்தான் ஓட்டினேன், பார்க்கவில்லை.

கொண்டுபோய்க் காட்டினால்
அவன் விற்கவில்லை என்று ஆகும்.
கொண்டுபோனால்
நான் கடத்தினேன் என்று ஆகும்.
டயரில் சாய்ந்து ஒரு பீடி முழுக்க யோசித்தேன்.

கடைக்கே எடுத்துப் போனேன்.
எனக்கு முன்னால் காக்கிப் பேண்ட்காரர் ஒருவர்
இரண்டு வாங்கி, சில்லறையை எண்ணிப் பார்த்து,
ஒரு ரூபாய் குறைகிறதென்று சண்டை போட்டார்.
அவர் போனதும் வலைக்கு அடியில் உருண்டையைத் தள்ளினேன்,
போனில் இருந்த பில்லைக் காட்டினேன்.
கடைக்காரன் அதன் அடியில்
ஒரு வரியின் மேல் விரலை வைத்தான்,
கேசரிமல் படிக்காமல் விட்ட வரி.

எனக்கு இந்தி தெரியாது.
ஆனால் எல்லா ஊர்க் கடையிலும்
அதே இடத்தில் அதே வரிதான்.
விற்றதைத் திரும்ப வாங்க மாட்டார்கள்.