நாம் சோங்

மணிக்கட்டில் 214.
கறுப்பு மார்க்கரால் எழுதினாள் லத்தனா.
"ஆறு மணிக்குள் டியூப் வரணும்,
லேட்டானால் இருபதாயிரம் கிப்."
கைப்பேசியில் யாரையோ அதட்டிக்கொண்டே
என்னிடமும் சொல்லி முடித்தாள்.

லாரி டியூப்.
ஒரு காலத்தில் தேக்கு சுமந்திருக்கும்.
இப்போது என் பின்புறத்தைச் சுமந்து
சுற்றிச் சுற்றிப் போகிறது.

மேகத்தை மார்புவரை கட்டிக்கொண்டு
குளிக்க வந்தவர்கள்போல் நிற்கின்றன
சுண்ணாம்பு மலைகள்.
இதற்காகத்தான் வாங் வியெங் வந்தேன் என்று
இருபது நிமிடம் நம்பினேன்.

வளைவு திரும்பியதும்
மூங்கில் மேடை, ஆளுயர ஸ்பீக்கர்.
ஒரு பையன் கயிறு வீசுகிறான்,
தூண்டில்காரனின் அலுப்போடு.
பிடித்துக்கொண்டேன்.
யாரும் வற்புறுத்தவில்லை.

குழந்தைகள் மணல் அள்ளும் வாளியில்
அரிசிச் சாராயம், கோக், நான்கு ஸ்ட்ரா.
அபர்டீன்காரன் கேலம், உத்ரெக்ட்டின் ஃபெம்கே,
நான், பெயர் கேட்காத இன்னொருவன்.
ஃபெம்கே பச்சைப் பெயின்டால்
என் நெற்றியில் ஏதோ எழுதினாள்.
நன்றாகத்தான் இருந்தது.
அதை மறைத்து இந்தக் கவிதையை
எழுத முடியாது.

"நாம் என்றால் தண்ணீர்," என்றான்
கயிற்றுப் பையன் காம்பெத்.
"நாம் சோங், இந்த ஆறு."
என் மொழியில் நாம் என்றால்
நீயும் நானும் சேர்ந்து.
உன்னை வெளியே நிறுத்துவதற்கு
வேறொரு சொல் வைத்திருக்கிறோம்: நாங்கள்.
ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன்.
பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை அவனுக்கு.
சிரித்து, இன்னொரு வாளி நீட்டினான்.

கீழே, முட்டளவு நீரில்
ஒருத்தி பாசி அரித்துக்கொண்டிருந்தாள்.
நனைந்து கனத்த பாவாடை.
எங்களைப் பார்க்காமல் இருப்பதையும்
ஒரு வேலையாகச் செய்தாள்.

என் ரோஸ் நிற ஸ்ட்ரா மிதந்துபோய்
அவள் கூடையில் சிக்கியது.
எடுத்தாள், உதறினாள்,
கரையில் இருந்த குவியலில் போட்டாள்:
ஸ்ட்ராக்கள், ஒற்றைச் செருப்பு,
கால் உடைந்த கூலிங் கிளாஸ்.

"எங்க அம்மா," என்றான் காம்பெத்,
பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியபடி.
திட்டுவார்களா?
"நாலு மாசம் பாரை மூடி வைத்தார்கள்.
அப்போ இதைவிட அதிகமாத் திட்டினாங்க."

இருட்டும்போது
கேலம் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதான்.
ஏனென்று அவனுக்கும் தெரியவில்லை.
யாரோ கைவிட்ட காலி டியூப் ஒன்றை
வழியெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தவன் அவன்தான்.
அவனை வெறுக்க வசதியாக இல்லை.

ஏழு இருபது.
லத்தனா கடிகாரத்தைக் காட்டினாள்.
என் நெற்றியைப் படித்துவிட்டு
முதல்முறையாகச் சிரித்தாள்.
இருபதாயிரத்தை எண்ணிக் கொடுத்தபோது
எனக்கு மனம் லேசானது,
மற்றதற்கெல்லாமும் சேர்த்து
கட்டிவிட்டதுபோல.

காலையில் விடுதியில்
எள் தூவிப் பொரித்த ஆற்றுப் பாசி.
மெல்லிசு. உப்பு. அடியில் கொஞ்சம் மண்வாசம்.
இரண்டு தட்டு தின்றேன்.
யார் அரித்தது என்று கேட்கவில்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்ததில்
இரண்டு அழிந்தது. பதினாலு நின்றது.

பேருந்துக்கு நடக்கையில்
டியூப்கள் அடுக்கிய டுக்-டுக் எதிரே வந்து நின்றது.
இன்னும் வெயில் படாத தோளோடு ஒருத்தி
தலையை நீட்டிக் கேட்டாள்:
"எப்படி இருக்கும்?"

"அழகு," என்றேன்.
கயிறு வீசுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆறு மணிக்குள் திரும்பிவிடு," என்றேன்.